ஏட்டில் இல்லாத ஒண்டிவீரன்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் எங்கள் பக்கம் முதலில் போலீஸ் வேன் வரும். அப்புறம்தான் போஸ்டர் வரும். ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்த நாள். ஒன்று பச்சேரியில், இன்னொன்று நெற்கட்டும்செவலில். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். சங்கரன்கோவிலில் இருந்து வடமேற்கே, மேற்கு மலை கண்ணில் படுகிற தூரம். இந்த இரண்டு நாளையும் ஒட்டி 144 போடுவது கொஞ்ச வருஷமாக வழக்கமாகிவிட்டது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபின் அந்தப் பிரிவின் நம்பர் 163 ஆகிவிட்டது. சனங்க வாயில் இன்னும் 144தான்.

ஒரு வருஷம் நாங்கள் பதினாலு பேர் ஒரு வேனில் மாலையோடு பச்சேரிக்குப் போனோம். வழியில் மறித்தார்கள். இறக்கி வரிசையாக நிற்கவைத்தார்கள். பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, செல் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறியது. தெரு பெயரைக் கேட்டாலே சாதி தெரிந்துவிடும், தனியாகக் கேட்க வேண்டாம். எழுதி முடித்துவிட்டு நோட்டுக்காரர் கேட்டார்:

"மாலை யாருக்குய்யா?"

"ஒண்டிவீரனுக்கு சார்."

"அது யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. வெளி மாவட்டத்தில் இருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். நிஜமாகவே தெரியாது. எங்களில் வயசான ஒருத்தர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில், "சரி சரி, ஏறுங்க, கோஷம் போடக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. மாலை போடப் போகிற பதினாலு பேரின் பெயரையும் அரசாங்கம் எழுதிக்கொண்டது. யாருக்கு மாலையோ அவன் பெயரை அந்தக் காலத்து அரசாங்கம் எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

1

எனக்கு ஒண்டிவீரனை முதலில் சொன்னது என் அவ்வா. எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். கதை மட்டும் தமிழில்தான் சொல்லும். வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லும்.

"வெள்ளக்காரன் கூடாரம் போட்டு பீரங்கிய எல்லாம் கோட்டையப் பாத்துத் திருப்பி வச்சிருக்கான். விடிஞ்சா சுடுவான். ராசா கேக்காரு, எவன் போவான்னு. நம்ம ஆளு ஒண்டியாப் போறேன்னான். தோலு தைக்கிறவன் மாதிரிப் போனான். எவனும் கேக்கல. ராத்திரி புல்லுக்குள்ள படுத்துக்கிட்டான். குதிரை ஆளு மோப்பம் புடிச்சு அத்துக்கிட்டு நிக்கி. காவக்காரன் வந்து குதிரையக் கட்டுததுக்கு முளை அடிக்கான். முளை நேரா இவன் கையில எறங்கிருச்சு. சத்தம் போட்டானா? போடல. எல்லாவனும் ஒறங்குத வரைக்கும் அப்படியே கெடந்தான். பொறவு வாள உருவி, தன் கைய தானே வெட்டிப் போட்டுட்டு எந்திரிச்சான். பீரங்கிய அவன் பக்கமே திருப்பி வச்சான். குதிரையில ஏறி முரச அடிச்சான். முழிச்சவன் பதறிப்போய் வெடியக் கொளுத்துனான், அவன் கூடாரத்த அவனே சுட்டுக்கிட்டான்."

புல்லுக்கட்டுக்காரனாகப் போனான் என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்கிற வாய்க்கு ஏற்ப வேஷம் மாறும், கை மட்டும் மாறாது. எந்த ஊரில் கேட்டாலும் முளை கையில்தான் இறங்கும். சத்தம் வராது.

சின்னப் பையனாக நான் கேட்டேன்: "வலிக்காதா அவ்வா?"

"வலிக்காம இருக்குமா? வலிக்குன்னு சொன்னா கொன்னுபோடுவான்லா. நம்ம சனத்துக்கு அது பழக்கந்தான் அய்யா."

இந்தக் கதையைக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு வாத்தியாரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான். "ஆதாரம் இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தேன். ஆதாரம் ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

2

ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கள் பகுதி இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் கிடந்த எல்லை மண். கிழக்கே ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, அவருக்குக் கடன் கொடுத்துக் கழுத்தைப் பிடித்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனி. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். களக்காடு யாருக்கு என்று இரண்டு பேருக்கும் சண்டை. மலையில் ஆரியங்காவுக் கணவாய், அதற்கு இந்தப் பக்கம் செங்கோட்டை. அந்தச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, அப்புறம்தான் நம்மோடு சேர்ந்தது. அதாவது எங்கள் தாத்தா காலம் வரைக்கும் இங்கே ஒரு எல்லைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் மேற்குப் பாளையங்கள். நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊற்றுமலை, சேத்தூர், சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை. நவாப் கேட்டால் திருவிதாங்கூரைக் காட்டலாம், திருவிதாங்கூர் கேட்டால் நவாபைக் காட்டலாம். அரசாங்கத்தின் கை முழுசாக எட்டாத இடம். எட்டாத இடத்தில்தான் எதிர்ப்பு வளரும். அடியும் அங்கேதான் பலமாக விழும்.

1755இல் கர்னல் எரோனும் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் படையோடு வரி வாங்க வந்தார்கள். பூலித்தேவர் கோட்டை முன்னால் நின்று 20,000 ரூபாய் கேட்டார்கள். கிடைக்கவில்லை. குண்டும் குறைவு, பணமும் குறைவு. எரோன் திரும்பிப் போனார். கம்பெனி அவரையே விசாரித்து வேலையை விட்டு நீக்கியது. அடுத்து வந்தவர் யூசுப்கான், நம் சனங்க சொல்கிற கான்சாகிப். சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டையும் அவரிடம் விழுந்தன. பிடித்துக் கொடுத்த கான்சாகிப்பையே 1764 அக்டோபரில் நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையில் தூக்கில் போட்டார்கள். 1767இல் கர்னல் டொனால்ட் கேம்பல் மறுபடியும் வாசுதேவநல்லூருக்குப் பீரங்கியோடு வந்தார். சுவர் உடைய உடைய உள்ளே இருந்தவர்கள் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள் என்கிறார்கள். கடைசியில் கொட்டுகிற மழையில் உள்ளே இருந்தவர்கள் தப்பிப் போனார்கள்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. ராபர்ட் ஓர்ம் எழுதினார், 1881இல் கால்டுவெல் பாதிரியார் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். எரோன் பெயர் இருக்கிறது. கேம்பல் பெயர் இருக்கிறது. பூலித்தேவர் பெயர் வெள்ளைக்காரன் நாக்குக்கு ஏற்ற எழுத்தில் இருக்கிறது. களிமண் மிதித்தவன் பெயர் இல்லை. வைக்கோல் சுமந்தவள் பெயர் இல்லை. சேணம் தைத்தவன், கேடயத்துக்குத் தோல் பதப்படுத்தியவன், முரசுக்கு வார் இழுத்துக் கட்டியவன், ஒருத்தன் பெயரும் இல்லை.

கம்பெனி அதிகாரி எழுதிய கடிதம் யாருக்கு? மேலதிகாரிக்கு. எதைப் பற்றி? எவ்வளவு வரி வந்தது, யார் தரவில்லை, எத்தனை குண்டு செலவு. தலைவனோடுதான் அவனுக்குப் பேச்சு, தலைவனோடுதான் அவனுக்குக் கணக்கு. பாளையக்காரர் பக்கத்தில் எழுதத் தெரிந்தவர்களும் நம் ஆட்களை எழுதுகிற சாதி இல்லை. ஆக இரண்டு பக்கத்து எழுத்தாணியும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது: சேரி வாசலில்.

இப்போது அவ்வா கதைக்குத் திரும்பிப் பாருங்கள். பாசறைக்குள் அவன் எப்படிப் போனான்? தோல் தைக்கிறவனாக. ஏன் எவனும் கேட்கவில்லை? தோல் தைக்கிறவனை எவனும் முகம் பார்க்க மாட்டான். குதிரை இருக்கிற எந்தப் படைக்கும் சேணமும் கடிவாளமும் தைக்க ஆள் வேண்டும். அவன் வருவான், தைப்பான், போவான். அவனைத் தொடவும் மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். சாதி கொடுத்த அந்த மறைப்பையே ஒண்டிவீரன் போர்வையாகப் போர்த்திக்கொண்டு போனான். எதிரி கண்ணுக்குத் தெரியாதவன் எழுதுகிறவன் கண்ணுக்கும் தெரியவில்லை. அவன் ஜெயித்ததற்கும் ஏட்டில் ஏறாததற்கும் காரணம் ஒன்றேதான்.

வாத்தியார் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் இருக்கிற பதில் இது. வாய்க்கதையில் ஒவ்வொரு வரியும் அப்படியே நடந்தது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இந்தச் சனத்தை எழுதாமல் விட்ட ஏட்டையே சாட்சிக்குக் கூப்பிட்டு, அதில் பெயர் இல்லை என்பதால் ஆளே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

3

ஒண்டிவீரன் தனியாள் இல்லை. வெண்ணிக்காலாடி கதையும் எங்கள் பக்கம் உண்டு. அவர் தேவேந்திரர். சண்டையில் வயிறு கிழிந்து குடல் வெளியே வந்தது. தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார். பூலித்தேவர் மடியில் உயிர் விட்டார். அந்த இடத்துக்குக் காலாடி மேடு என்று பெயர். ஏட்டில் இடம் கிடைக்காதவனுக்குச் சனங்க மண்ணில் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதே போல சங்கரன்கோவில் கோயிலிலும் ஒரு கதை இருக்கிறது. பூலித்தேவரைப் பிடித்துக் கொண்டுபோகிற வழியில், கோமதியம்மனைக் கும்பிட வேண்டும் என்று கேட்டாராம். உள்ளே போனார். கைவிலங்கு அறுந்து விழுந்தது, ஆள் சோதியில் மறைந்துவிட்டார். அந்த இடம் என்று கோயிலுக்குள் ஒரு அறையைக் காட்டுகிறார்கள். ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் புற்றுமண் எடுத்துக்கொண்டு அதையும் பார்த்துவிட்டுப் போகும்.

அதே கோயிலின் தலபுராணத்தில் இன்னொரு ஆளும் உண்டு. புன்னைவனத்துக்குக் காவல் இருந்த காப்பறையன். புற்றையும் பாம்பையும் முதலில் பார்த்து, போய் உக்கிரபாண்டிய ராசாவிடம் சொன்னவன் அவன்தான். ராசா வந்தார், லிங்கத்தைக் கண்டார், கோயில் எழும்பியது. சாமியை முதலில் பார்த்தவன் பறையன். புராணக்காரனுக்கு அது பொறுக்கவில்லை போல. தேவலோகத்து மணிக்கிரீவன்தான் சாபத்தால் அப்படிப் பிறந்தான் என்று ஒரு முன்கதையை ஒட்டவைத்திருக்கிறார்கள். நம் ஆள் எதையாவது செய்தால் ஒன்று எழுதாமல் விடுவார்கள், இல்லை என்றால் அவன் உண்மையில் நம் ஆளே இல்லை என்று எழுதுவார்கள்.

ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல். அதுவரை காப்பறையனின் வாரிசுக்கு அவன் கண்டுபிடித்த சாமியைக் கிட்டப் போய்ப் பார்க்க வழி கிடையாது. பூலித்தேவர் கோயிலுக்குள் போய் மறையலாம். ஒண்டிவீரனுக்கு மறையக்கூட ஒரு கோயில் கிடையாது. அவன் வெளியில்தான் நின்றான், வெளியில் நின்று சண்டையைத் தொடர்ந்தான். 1771 ஆகஸ்ட் 20இல் செத்தான் என்று நாள் வைத்து நாங்கள் கும்பிடுகிறோம். அவனுக்குச் சோதி இல்லை. சாவுதான். எனக்கு அந்தச் சாவின் மேல்தான் மரியாதை.

4

இங்கே நம் ஆட்களிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒண்டிவீரன் யாருக்காகக் கையை வெட்டினான்?

மேடையில் பேசுகிற எல்லாரும் நாட்டுக்காக என்கிறார்கள். 1750களில் இந்தியா என்கிற நாட்டை இங்கே யாரும் பார்த்ததில்லை. பாளையம் என்பதும் ஏழை சனத்தின் குடியரசு இல்லை. பாளையத்திலும் ஊர் வேறு, சேரி வேறு. செத்த மாடு தூக்குவது பாளையத்திலும் நம் வேலைதான். ராசாவுக்கு விசுவாசமாக உயிர் கொடுத்தான் என்று பாடினால் மேல்சாதிக்குக் கேட்க சுகமாக இருக்கும். விசுவாசமான வேலைக்காரன் கதை யாருக்குத்தான் பிடிக்காது?

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நவாபுக்கும் கம்பெனிக்கும் போன பணம் ராசா மடியில் இருந்து மட்டும் வந்ததில்லை. உழுதவன், களை எடுத்தவள், கமலைக்கு வால் தைத்துக் கொடுத்துத் தண்ணீர் இறைக்க வைத்தவன், இவர்கள் வயிற்றில் இருந்து வந்தது. படை வந்தால் முதலில் எரிவது ஊர் ஓரத்துக் கூரை. அந்தக் கூரை நம்முடையது. ஆகையால் அந்தச் சண்டையில் நமக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. படையில் போனால் கையில் ஆயுதம் கிடைத்தது, நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கொஞ்ச மரியாதைக்கும் அவன் உயிரை வைத்திருப்பான்.

அதையும் பிடுங்கினார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 1இல், ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி அறிக்கை போட்டது. பாளையக்காரர்களில் பணிந்தவன் ஜமீன்தார் ஆனான், அவனுக்குப் பட்டா கிடைத்தது. படையில் நின்ற நம் தாத்தன்களுக்கு என்ன கிடைத்தது? வேலைப் பறித்துக்கொண்டு பழைய மாட்டுத் தோலைக் கையில் கொடுத்தார்கள். தோற்றதில்கூட நமக்குச் சமபங்கு இல்லை.

5

இருநூறு வருஷம் தாண்டி வருகிறேன். தாண்டினாலும் இடம் மாறவில்லை.

1995 ஜூலைக் கடைசியில் சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் பஸ்ஸில் ஒரு தகராறு. டிரைவர் தலித். அது தென்மாவட்டம் முழுக்கப் பரவியது. ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் சுமார் 600 போலீஸ் நுழைந்தது. வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கொஞ்சம் தலை நிமிர்ந்த தேவேந்திரர் ஊர் அது. டிவியை உடைத்தார்கள், தையல் மிஷினை உடைத்தார்கள். குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள் என்று சனங்க அழுதார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சர்டிபிகேட்டையும் கொளுத்தினார்கள். இதைக் கவனியுங்கள். முன்னால் நம்மைக் காகிதத்தில் எழுதவில்லை. நாமே கஷ்டப்பட்டுக் காகிதத்தில் ஏறினோம். அந்தக் காகிதத்தைத் தேடிக் கொளுத்தினார்கள்.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதி, கவர்னகிரிக்காரர், தேவேந்திரர். அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிக்காரர்கள் கிளம்பினார்கள். கலவரம், சாவு. ஜூலையில் அரசு ஒரு முடிவு எடுத்தது: எந்த மாவட்டத்துக்கும், எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் தலைவர் பெயரே வேண்டாம். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் பழையபடி திருநெல்வேலி ஆனது. கட்டபொம்மன் பெயர் வருஷக்கணக்கில் பஸ்ஸில் ஓடியது, யாருக்கும் வலிக்கவில்லை. கட்டபொம்மனுக்காக உயிர் விட்டவன் பெயர் சில மாதம்கூட ஓட முடியவில்லை. ராசா பெயர் வரலாறு, தளபதி பெயர் சாதிப் பிரச்சினை. சமமாக இருக்கட்டும் என்று எல்லாப் பெயரையும் அழித்தார்கள். அந்தச் சமத்துவத்தின் அர்த்தம் எங்களுக்குப் புரியாமல் இல்லை.

1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக மனுக் கொடுக்கத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டினார்கள். 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தையும் அதில் உண்டு. 2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். செத்தவனுக்கு மாலை போடுகிற நாளிலேயே புதிதாகச் சாவு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எங்கள் பக்கத்து அம்மாக்கள், "வேன்ல போகாதடா" என்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றால், அந்தப் பயத்துக்குப் பின்னால் இத்தனை தேதி இருக்கிறது.

6

இன்றைக்கு நிலைமை மாறியும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டையில் ஒண்டிவீரனுக்கு 2016இல் மணிமண்டபம் திறந்தார்கள். 2022 ஆகஸ்ட் 20இல் தபால்தலை வெளியிட்டார்கள். அருந்ததியர் 2009இல் வாங்கிய 3 சதவீத உள் ஒதுக்கீடு 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. இதில் எதுவும் தானாக வரவில்லை. வருஷா வருஷம் வேன் பிடித்துப் போனவர்கள், பெயரை நோட்டில் கொடுத்தவர்கள், கேஸ் வாங்கினவர்கள், அவர்கள் நடந்த நடையில் வந்தது.

தபால்தலை வந்த வருஷம் நான் ஒன்றை வாங்கி என் பேத்தியிடம் காட்டினேன். "தாத்தா, ஏன் இவருக்கு பாட்டி சொன்ன மாதிரி கை இல்லாம போடல?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் ராத்திரியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது. சிலைக்கு முழு உடம்பு வேண்டும், மீசை வேண்டும், வாள் வேண்டும். எல்லாச் சாதிக்காரனும் வைக்கிற மாதிரி நாமும் ஒரு சிலை வைக்கிறோம். சிலை வைப்பது தப்பில்லை. ஆனால் சிலைக்குச் சிலை போட்டி என்று இறங்கி, என் வீரன் பெரியவனா உன் வீரன் பெரியவனா, பகடை பெரியவனா காலாடி பெரியவனா என்று நமக்குள்ளேயே மல்லுக்கு நின்றோம் என்றால், எழுதாமல் விட்டவன் வேலையை நாமே முடித்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அவ்வா சொன்ன கதையில் மீசை கிடையாது. என்ன நிறம், என்ன உயரம், எதுவும் கிடையாது. கை மட்டும்தான் உண்டு. வலியை வெளியே காட்டாமல் கிடந்த ஒரு ராத்திரி உண்டு. விடியும் முன்னால் எழுந்து முரசு அடித்தது உண்டு. மற்ற நாளெல்லாம் சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் மற்றவர்களுக்காக அடித்த கை, அந்த ஒரு நாள் தனக்காக அடித்தது. அந்தச் சத்தத்தைத்தான் எங்கள் சனம் இத்தனை வருஷமாகக் காதில் வைத்திருக்கிறது.

படிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் கதை சொல்கிற கிழவிகள் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். போய் உட்காருங்கள். கேட்டு எழுதுங்கள். சொன்னது யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கீழே குறித்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் சொன்னதும் இன்னொருத்தர் சொன்னதும் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். போலீஸ் நம் பெயர்களை அத்தனை சுத்தமாக எழுதும்போது நமக்கு என்ன கேடு?

இந்த வருஷமும் ஆகஸ்ட் 20 வரும். மறிப்பார்கள், நோட்டு நீட்டுவார்கள். பெயரைச் சொல்வோம், அப்பா பெயரைச் சொல்வோம். மாலை யாருக்கு என்று கேட்டால், இந்தத் தடவை பாதியில் நிறுத்தப்போவதில்லை. நின்று முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வேன் ஏறுவோம்.